பேக்கரிக்காரியின் பசி

பேக்கரி கவுண்டரில் நிற்கிறவர்களுக்கு வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும் என்று வெளியில் நிற்கிறவர்கள் நம்புகிறார்கள். செங்கம் ரோட்டில் ஒன்பது வருஷமாக பன்னும் பப்ஸும் விற்கிறேன். காலையில் தைராய்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, காப்பிக்காகக் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, உங்களுக்குத்தான் இது.

சரக்கின் தரம்

எனக்குத் தைராய்டு சுரப்பு கம்மி என்று தெரிவதற்கு முன்பே பசி போய்விட்டது. காலையில் டீயில் நனைத்த இரண்டு ரஸ்க், மத்தியானம் ஒரு பன், ராத்திரி பேருக்கு ஒரு சப்பாத்தி. அவ்வளவுதான் சாப்பாடு. உடம்பு மட்டும் ஊதிக்கொண்டே போனது.

ஒரு நாள் வேங்கிக்காலிலிருந்து ஒரு தம்பதி பிறந்தநாள் கேக் வாங்க வந்தார்கள். "கேக் நல்லா இருக்குமாம்மா?" என்று கணவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அந்த அம்மாவே பதில் சொல்லிவிட்டார்: "அத ஏங்க கேக்கறீங்க? நல்லா இல்லாமலா இவங்க இப்படி இருக்காங்க?"

கறிக்கடை சைவம்

மாத்திரையின் அளவை மூன்று தடவை ஏற்றியும் சோர்வு போகவில்லை, வயிற்று உப்புசமும் குறையவில்லை. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை எழுதினார், குடலுக்குள் குழாய் விட்டும் பார்க்கச் சொன்னார். முடிவு வந்தது. "கோதுமைல இருக்கற குளூட்டன் உங்க குடலுக்கு ஒத்துக்கலம்மா. தைராய்டு இருக்கற எல்லாரும் கோதுமைய விடணும்னு இல்ல. ஆனா நீங்க விட்டே ஆகணும். மைதா, ரவை, சேமியா எதுவும் கூடாது. எங்க வேலை பாக்கறீங்க?"

"பேக்கரிலங்க."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தோடுதான் கடைக்கு வந்தேன். மாவு பிசைந்துகொண்டிருந்த ஏழுமலை மாஸ்டரிடம் சொன்னேன். மாவு பறக்கும் உள்பக்கம் நான் வரவே கூடாது என்று அங்கேயே ஏற்பாடு செய்துவிட்டு அவர் சொன்னார்: "கறிக்கடைல சைவக்காரன் வேலை பாக்கறது இல்லயா? நீ பாட்டுக்கு வித்துட்டுப் போம்மா."

பந்தல் வலம்

கோதுமையை விட்டு இரண்டு மாதத்தில் பசி வந்தது. சாதாரணப் பசி இல்லை. இத்தனை வருஷம் வராத பசியெல்லாம் சேர்ந்து பஸ் பிடித்து வந்த மாதிரி ஒரு பசி. காலையில் ஐந்து இட்லி தின்றுவிட்டு வந்தால் பதினோரு மணிக்கே டிபன் பாக்ஸைத் திறக்கத் தோன்றும். ஓட்டல் சாம்பாரும் கூடாது, அதில் போடும் கட்டிப் பெருங்காயத்திலேயே மைதா இருக்குமாம். என்னைச் சுற்றிலும் தின்பண்டம், நடுவில் நான் பட்டினி.

அந்தப் பௌர்ணமியன்று கிரிவலம் போகிறவர்களுக்காகக் கடைக்கு எதிரே அன்னதானப் பந்தல் போட்டு சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். அரிசி, வெல்லம், நெய். எனக்கு ஆபத்தில்லாத பிரசாதம். ஒரு தொன்னை வாங்கினேன். பிறகு இன்னொன்று. நாலாவது தடவை முந்தானையை மாற்றிப் போர்த்திக்கொண்டு போய் நின்றேன். கரண்டி பிடித்திருந்த பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்: "ஏம்மா, எல்லாரும் மலைய சுத்தறாங்க. நீ இந்தப் பந்தலயே சுத்தறியே?"

வாசல்படி

சிரித்துவிட்டு வந்தேனே தவிர, உள்ளுக்குள் பயம். அவ்வளவு சாப்பிட்டும் உடம்பு சட்டென்று இளைத்தது. நெஞ்சு படபடத்தது. ஒரு நாள் கை நடுங்கி, பப்ஸ் தட்டு மொத்தமும் தரையில் போய்விட்டது. ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரர் சவாரியை விட்டுவிட்டு வந்து, என்னை டாக்டரம்மாவிடம் ஏற்றிக்கொண்டு போனார்.

ரத்தத்தைப் பார்த்ததும் டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. குடல் ஆறி, மாத்திரை முழுசாக உடம்பில் ஏறுகிறதாம். பழைய அளவு இப்போது ஜாஸ்தி. பாதியாகக் குறைத்து எழுதினார். இத்தனை நாள் விழுங்கினதெல்லாம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "வாசல்படியோட திரும்பிப் போயிடுச்சும்மா. இப்பதான் வீட்டுக்குள்ள வருது."

அன்னா சொன்னது

குளிர்காலத்தில் வந்து அறை எடுத்துத் தங்கும் ஜெர்மன்காரி அன்னா இந்த வருஷமும் கடைக்கு வந்தாள். மைதா இல்லாத கேக் இருக்கிறதா என்று நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கேட்டபோது, வெள்ளைக்காரர்களின் நாசூக்கு என்று நினைத்து, "மைதா இல்ல மேடம்" என்று ரவா கேக்கைக் கட்டிக் கொடுத்தவள் நான். ரவையும் கோதுமைதான் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் வியாதியையும் சொன்னேன், அந்த ரவா கேக்கையும் சொன்னேன்.

அவளுடைய அரைகுறைத் தமிழில் கோபம் இல்லாததுதான் எனக்கு வலித்தது. "அக்கா, நான் மூணு நாள் படுத்தேன். தண்ணி மோசம்னு நினைச்சேன்."

அடுத்த வாரமே ஏழுமலை மாஸ்டரிடம் கெஞ்சிப் பக்குவம் கேட்டு, தனிப் பாத்திரம், தனி அடுப்பு வைத்து, என் வீட்டிலேயே அரிசி மாவில் கேக் சுட்டுப் பார்த்தேன். முதல் இரண்டு கேக் செங்கல்லாக வந்தன. மூன்றாவதைப் பொட்டலம் கட்டி அன்னாவின் அறைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் தின்னும்வரை வாசலிலேயே நின்றேன். கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "அக்கா, நல்லா இல்ல. நாளைக்கும் வேணும்."

இவ்வளவு வைத்தியத்துக்கும் பிறகு, மற்ற மனுஷர்களைப் போல எனக்கும் இப்போது தினமும் சரியாக ஒரு மணிக்குப் பசிக்கிறது. பேக்கரியில் கூட்டம் அலைமோதுவதும் சரியாக அந்த ஒரு மணிக்குத்தான்.