வைப்பர் மேல் போட்ட பழி

கார் ஸ்டாண்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. நாலு வைப்பர் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். மற்ற வண்டிகளுக்கெல்லாம் முன்கண்ணாடியில் இரண்டு வைப்பர். அவருடைய பழைய காருக்கு அது போக, ஹெட்லைட்டுக்கு ஒன்றாக இன்னும் இரண்டு குட்டி வைப்பர்கள் இருந்தன. "அண்ணே, உங்க வண்டி அழுதா அதுவே கண்ணத் துடைச்சுக்குமா?" என்று கேட்காத டிரைவர் கிடையாது. அவரும் லேசுப்பட்டவரில்லை. "உன் வண்டி மூஞ்சி கழுவாமலே வேலைக்குப் போகுது. அதப் போய் மொதல்ல கவனி" என்பார்.

கிண்டல் செய்தவர்களுக்கு மழைக்காலம் வந்தால் வாயடைத்துப் போகும். சிமென்ட் ஆலைச் சாலையில் முன்னால் ஒரு லாரி போனால் போதும். அது வாரியடிக்கும் சேறு ஹெட்லைட்டில் அப்பிக்கொண்டு, வெளிச்சம் பாதி செத்துவிடும். மற்றவர்கள் ஓரங்கட்டி இறங்கி, நனைந்துகொண்டே கந்தல் துணியால் துடைப்பார்கள். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பொத்தானை அமுக்குவார். தண்ணீர் பீய்ச்சும், குட்டி வைப்பர்கள் ஓடும், வெளிச்சம் திரும்பி வந்துவிடும். இப்போது வருகிற வண்டிகளில் லைட்டின் முகப்பே பிளாஸ்டிக். வைப்பர் தேய்த்தால் கீறல் விழும் என்று அதை ஒழித்துக்கட்டிவிட்டார்கள். பழையபடி கண்ணாடியையே போட்டால் என்ன குடியா முழுகிவிடும்? அதை யாரும் கேட்கவில்லை.

அந்தக் குட்டி வைப்பர்களுக்கு அவர் செய்த பணிவிடை கொஞ்சநஞ்சமல்ல. ரப்பர் காய்ந்து வெடித்தால் அன்றே மாற்றுவார். தண்ணீர் இல்லாமல் ஓடவே விடமாட்டார். ஒட்டியிருக்கும் மண் கண்ணாடியை அறுத்துவிடும். கோடையில் வேலை இல்லையே என்று சும்மா விட்டால் மோட்டார் இறுகிக்கொள்ளும், அப்புறம் அமுக்கினால் பியூஸ் போகும். இந்தத் தொல்லையே வேண்டாமென்று வயரைப் பிடுங்கிவிட்டு, வைப்பரை மட்டும் அழகுக்கு வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. வெயில் கொளுத்துகிற நாளிலும் வாசலில் வண்டியை நிறுத்தி, வாரம் தவறாமல் ஓடவிட்டுப் பார்ப்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். "வானத்துல ஒரு மேகம் இல்ல. இவரு காருக்குக் குளிப்பாட்டுறாரு!"

ஆலைச் சாலையின் கோடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சாயங்கால ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் நர்ஸ்கள்தான் அவருடைய நிரந்தர வாடிக்கை. அவர்களைக் கண்ணும் கருத்துமாகக் கொண்டுவந்து அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார். கதவு திறந்து ஆள் உள்ளே போகும்வரை வண்டி நகராது. பெண்களைப் பெற்றவர்கள் அவரை நம்பி நிம்மதியாக இருந்தார்கள். அந்த நம்பிக்கைதான் அவர் வாழ்க்கையில் சம்பாதித்தது.

ஒரு பயமும் அவரோடு கூடவே வளர்ந்தது. அவருடைய அப்பா தையல்காரர். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வதில் ஆரம்பித்து, கடைசியில் பெற்ற பிள்ளைகளைக் குரலை வைத்து அடையாளம் கண்டுபிடிக்கும் நிலைக்கு வந்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகிற வியாதி. போன பார்வை திரும்பாது, பிள்ளைகளுக்கும் வரலாம், முன்கூட்டியே சோதித்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் சோதித்துக்கொள்ளப் போகவில்லை. போனால் தெரிந்துவிடுமே! கண் போனால் ஸ்டியரிங் போகும். வண்டி ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

போன மழைக்காலத்தில்தான் ஹெட்லைட் மங்குவதாக அவருக்குத் தோன்றியது. அதிலும் இடது பக்கம் மோசம். ரப்பர் சரியாக வழிக்கவில்லை என்று மாற்றினார். இரண்டொரு நாள் நன்றாகத் தெரிந்ததுபோல இருந்தது, மறுபடியும் மங்கியது. மனைவியின் தம்பி கார் எலெக்ட்ரீஷியன். அவனிடம் ஓடினார். அவன் மோட்டாரைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தான். அப்புறம் பல்பு மாற்றச் சொன்னார், மாற்றினான். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்து வேறு கண்ணாடியும் போட்டாயிற்று. இதற்கிடையில் வீட்டு கேட்டில் இடது பக்கம் உரசிவிட்டார். "வைப்பர் சரியில்ல. லைட் பக்கவாட்டுல அடிக்கவே மாட்டேங்குது" என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். அவள் உரசின இடத்தைப் பார்த்தாள். பட்டப்பகலில் உரசியது.

ஒருநாள் இருட்டுகிற நேரத்தில் மறுபடியும் பட்டறைக்குப் போனார். நர்ஸ்களை அழைத்துவரக் கிளம்புவதற்கு இன்னும் நேரம் இருந்தது. மைத்துனன் அலுத்துக்கொள்ளவில்லை, அக்கா புருஷன் ஆயிற்றே. பட்டறைக்கு எதிரே வெள்ளையடித்த நீளச் சுவர். "அத்தான், சுவரப் பாத்து நிறுத்தி லைட்டப் போடுங்க. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்" என்றான்.

அவர் லைட்டைப் போட்டு, திரும்பத் திரும்பப் பொத்தானை அமுக்கினார். தண்ணீர் பீய்ச்சி, குட்டி வைப்பர்கள் ஓடி நின்றன.

"வலது பக்கம்?"

"பரவால்ல."

"இடது?"

"எங்கடா... இருட்டு. அங்க ஒண்ணுமே தெரியல." முகத்தைத் திருப்பாமலே சொன்னார்.

மைத்துனன் சுவரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவருக்குப் பொறுமை போய்விட்டது. "இரு, கொஞ்சம் கிட்ட கொண்டுபோய்ப் பாக்கறேன்" என்று கியரைப் போட்டார். வண்டி நகர்ந்ததுதான் தாமதம், ஜன்னல் வழியாக ஒரு கை பாய்ந்து சாவியைத் திருப்பியது. இஞ்சின் உதறிக்கொண்டு நின்றது. விளக்குகள் மட்டும் எரிந்தன.

"ஏண்டா? பைத்தியமா உனக்கு?"

அவன் அவரைப் பார்க்கவில்லை. அவன் பார்த்த திசையில் அவர் முகத்தைத் திருப்பினார். சுவரோரமாக, இடது விளக்கின் முன்னால், அவர் மனைவி இரண்டு கைகளிலும் டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். முகத்தை நேரே திருப்பிய பிறகு நன்றாகத் தெரிந்தாள். வெளிச்சம் அவள் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. காதோர நரைமுடிகூடத் தெரிந்தது. இதைவிட நன்றாக ஒரு ஹெட்லைட் எரியவே முடியாது.

அவள் மெல்ல நடந்து ஜன்னலருகே வந்தாள்.

"நீ எப்ப வந்த?"

"இப்பதாங்க. இந்த நிமிஷந்தான்."

டம்ளரை வாங்கினார். டீ சில்லென்று ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது. தம்பி வீடு பட்டறைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அங்கிருந்து எடுத்து வந்த டீ. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அங்கே எத்தனை நேரமாக நின்றிருக்க வேண்டும் என்று அவருக்குப் புரிந்தது. அவர் குலுங்கி அழுதார். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன், மச்சினன் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட அப்போது வரவில்லை. அவள் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைல டாக்டர்கிட்ட போவோம்" என்றாள்.

"போனது வராதுடி. எங்கப்பாவுக்கே வரல."

"இருக்கறதையாவது வெச்சுக்கலாம்ல?"

ஷிப்ட் முடிகிற நேரம் நெருங்கியது. மைத்துனன் தொண்டையைச் செருமினான். "இன்னிக்கு நான் ஓட்டுறேன் அத்தான். வைப்பர் ரிப்பேரு, அத்தான் பாத்துக்கிட்டு இருக்காருன்னு சொல்லிக்கறேன்."

நல்ல யோசனைதான். அவரும் ஒரு கணம் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். அப்புறம் தலையை ஆட்டினார். "அது மேல எத்தனை நாளைக்குடா பழி போடறது? போனக் குடு."

நர்ஸ்களில் மூத்தவள்தான் போனை எடுத்தாள். "அண்ணா, கிளம்பிட்டீங்களா?"

"என் மச்சினன் வருவாம்மா. இனிமே நான் வரமாட்டேன்."

"ஏண்ணா, வண்டி ரிப்பேரா?"

"வண்டி நல்லா இருக்கும்மா. எனக்குத்தான் கண்ணு தெரியல."

"ஐயோ! என்னண்ணா திடீர்னு?" என்று பதறினாள். பிறகு, நர்ஸ் அல்லவா, கேட்கவேண்டியதைக் கேட்டாள். "எத்தனை நாளா?"

நேற்றிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

"போன மழைக்காலத்துலேர்ந்தும்மா" என்றார்.

போனில் ஆஸ்பத்திரி வாசலின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"நாங்கல்லாம் பின்னால தூங்கிக்கிட்டுல்ல அண்ணா வருவோம்" என்றாள் அவள்.