பன்னிரண்டு மணிக்குள் சொல்லாவிட்டால்

என் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவாள். வேலைக்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று நகரத்துக்குள் தனி வீடு எடுத்திருக்கிறாள். நான் நகரத்தின் ஓரத்தில் புருசெத்தில், நாங்கள் மூன்று பேரும் இருந்த அதே நாலாம் மாடி வீட்டில் இருக்கிறேன். மனைவி போன வருடம் மாசியில் காலமானா. அதற்குப் பிறகு கிழமையில் ஆறு நாள் இந்த வீட்டில் குரல் என்று கேட்பது நான் படிக்கும் தேவாரம் மட்டும்தான்.

இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிறு, மகள் மடிக்கணினியோடு வந்து சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். அவளுக்கு வெளிநாட்டு அமைச்சில் வேலை. அணு ஆயுதங்கள் பரவாமல் தடுக்கிற ஒப்பந்தம் ஒன்று இருக்கிறதாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை உலக நாடுகள் எல்லாம் நியூயோர்க்கில் கூடி, நாலு கிழமை இருந்து, சொன்னபடி நடந்தோமா என்று பார்ப்பார்களாம். சித்திரையில் அந்த மாநாடு. அதற்கான ஆயத்தங்களைச் செய்கிறவர்களில் இவளும் ஒருத்தி.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். இப்போது ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு சீவுகிறேன். மகளுடைய வேலை எனக்கு எப்படி விளங்கும்? ஆனாலும் கேட்பேன். கேட்டால் அவள் கொஞ்ச நேரம் கூட இருப்பாள்.

"போன முறை என்ன முடிவு எடுத்தவை?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. போன முறையும் இல்லை, அதுக்கு முந்தின முறையும் இல்லை. கடைசி நாள் ஒத்துவரேல்லை எண்டு எழும்பிப் போட்டினம்."

"அப்ப ஏன் பிள்ளை மினக்கெட்டுப் போறியள்?"

"நீங்கள் கோயிலுக்குப் போறீங்கள்தானே. கேட்டதெல்லாம் கிடைக்குதோ?"

வாய்க்காரி. தாயைப் போல.

நாடுகளின் பெயரை மட்டும் என்னிடம் சொல்லவே மாட்டாள். "ஒரு நாடு" என்பாள், "மற்ற நாடு" என்பாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து என் மனைவி என் பெயரைச் சொல்லாமல் "இஞ்சேருங்கோ" என்றே காலத்தைக் கழித்த மாதிரி.

அன்றைக்கு அவள் அடிக்கடி தொலைபேசியை எடுத்துப் பார்த்தாள். என்னவென்று கேட்டேன். ஒரே எண்ணமுள்ள சில நாடுகள் சேர்ந்து மாநாட்டுக்குக் கொண்டுபோக ஒரு பத்திரம் எழுதி, எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்களாம்.

"நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணி ஃப்ரிஸ்ட், அப்பா. அதுக்குள்ளை ஒருத்தரும் மறுத்து எழுதாட்டி, எல்லாரும் சம்மதம் எண்டு அர்த்தம்." ஃப்ரிஸ்ட் என்றால் இங்கத்தைய பாஷையில் கெடு.

"ஓம் எண்டு ஒருத்தரும் எழுதத் தேவையில்லையோ?"

"இல்லை. பேசாமல் இருந்தாச் சரி."

"அப்ப உன்ர அம்மாவும் நானும் முப்பத்தைஞ்சு வருசமா உலக ஒப்பந்தமெல்லாம் போட்டிருக்கிறம்."

அவள் சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டுக் கன நாள். சிரிப்பு அடங்கின கையோடு, கணினியைப் பார்த்தபடியே கேட்டாள்: "நான் நாலு கிழமை அங்கை நிக்கோணும். உங்களுக்கு ஏதும் பிரச்சினையோ அப்பா?"

எனக்குப் பின்னால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கோயில் நாட்காட்டி தொங்கியது. மாநாடு தொடங்குகிற முதல் கிழமையிலேயே, வெள்ளிக்கிழமை, சித்திரா பௌர்ணமி. தாய் இல்லாத பிள்ளைகள் தாய்க்காக விரதம் இருக்கிற நாள். ஒரு வருடத்தில் செய்கிற ஆட்டைத் திவசம் முடிந்தபிறகுதான் அந்த விரதத்தைத் தொடங்குவது; அது முடிந்து வருகிற முதல் சித்திரா பௌர்ணமி இது. நான் அன்றைக்கு இருக்கிற விரதம் என்னைப் பெற்றவளுக்கு. என் மனைவிக்கு விரதம் இருக்க உலகத்தில் ஒரேயொரு ஆள்தான் உண்டு, எங்கள் மகள். அவள் அந்த நாளை மறந்துபோய், என் முன்னால் சோறு பிசைந்துகொண்டிருந்தாள்.

நான் எழும்பிப்போய் ரசச் சட்டியை எடுத்துவந்து அவளுடைய சோற்றுக்கு ரசம் வார்த்தேன்.

"சரி, அப்ப ரிக்கெற் போடுறன்," என்றாள்.

ஏன் சொல்லவில்லை என்று எத்தனையோ முறை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அவள் இந்த வேலைக்குப் போனதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. மனைவி ஊரில் குண்டு வீச்சுக்குள் இருந்து வந்தவ. இங்கே வந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும், தாழப் பறக்கிற விமானச் சத்தம் கேட்டால் கையிலிருக்கிற தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைப்பா. சத்தம் போகுமட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருப்பா. பிறகு எடுத்துக் குடிப்பா. ஒருநாளும் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. மகள் சின்ன வயதில் எதிர்க் கதிரையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அதைப் பார்த்து வளர்ந்து இப்படி ஒரு வேலைக்குப் போகிற பிள்ளையை, விரதம் என்று சொல்லி நான் மறிப்பதா?

அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போனேன். சித்திரைக் கஞ்சிக்கு ஆள் சேர்க்கிற அம்மா ஒருவர் கொப்பியோடு நின்றார். அன்றைக்குக் காலை கோயில் சமையலறையில் பெரிய பானையில் கஞ்சி காய்ச்சுவார்கள். தாயை இழந்தவர்கள் முறை வைத்துக் கிண்டுவது இங்கத்தைய வழக்கம்.

"அண்ணை, மகளுக்கு இது முதல் வருசமெல்லோ? பேரைப் போடட்டோ?"

நான் திருநீற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, போட்டாச்சு," என்று எழுதிவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

நிலக்கீழ் ரயிலில் வீட்டுக்கு வரும்போதுதான் மண்டையில் உறைத்தது. ஒரே மாதத்தில், வாயே திறக்காமல், இரண்டு இடத்தில் ஒன்றுக்கொன்று மாறான சம்மதம் கொடுத்துவிட்டேன். முருகா, இதென்ன வேலை என்று ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கையில் ஒருத்தரும் இல்லை.

பயணத்துக்கு முந்தின ஞாயிறு மகள் வந்தபோது கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. சுகமில்லையோ என்று கேட்டேன்.

"அந்தப் பத்திரம் உடைஞ்சு போச்சு அப்பா. முதல்தரம் மறுத்தவை எண்டு ரெண்டாந்தரம் திருத்தி அனுப்பினனாங்கள். ஃப்ரிஸ்டுக்கு அரை மணித்தியாலம் இருக்கேக்கை ஒரு நாடு மறுத்து எழுதிப்போட்டுது. இனித் திரும்பவும் முதலிலயிருந்து."

"அரை மணித்தியாலத்திலையோ? கோவம் வரேல்லையோ உனக்கு?"

அவள் அப்பளத்தை உடைத்தபடி யோசித்தாள். "வந்தது. ஆனா இப்பவே சொன்னது நல்லம். பேசாமல் இருந்துபோட்டு, அங்கை கடைசி நாள் எழும்பி நிண்டு மாட்டம் எண்டினம் பாருங்கோ, அதுதான் அப்பா பொல்லாதது. திருத்த நேரமும் இல்லை, முகத்தைப் பாக்கவும் ஏலாது."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் போகும்போது சப்பாத்துப் போடுகிறவரைக்கும் கதவடியில் நின்றேன். "வடிவாச் சாப்பிடுங்கோ," என்றாள். "ஓம்," என்றேன். மாடிப்படியில் அவளுடைய காலடிச் சத்தம் தேயும் மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போது எனக்கு நானே ஒரு கெடு வைத்தேன். நாளைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணி.

திங்கள் காலை முதியோர் இல்லத்தில் இரண்டு பெரிய சட்டி கிழங்கு சீவினேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று பார்க்காமலே இருந்தேன். பதினொன்று நாற்பதுக்குக் கையைத் துடைத்துவிட்டு, மரக்கறிப் பெட்டிகள் அடுக்கிய மூலையில் நின்று தொலைபேசியில் மகளுக்கு எழுதத் தொடங்கினேன். இங்கே பிறந்த பிள்ளை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்தான். அவள் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் சின்னச் சின்ன வசனமாக எழுதினேன்.

"பிள்ளை, மாநாட்டு முதல் கிழமை வெள்ளி சித்திரா பௌர்ணமி. அம்மாவுக்கு முதல் விரதம். நீ இல்லாமல் எனக்குக் கஷ்டமாக இருக்கும். அன்றைக்கு நான் பேசாமல் இருந்தது சம்மதம் இல்லை. அப்பா."

பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். கிழங்குச் சட்டி பொங்கி அடுப்பில் ஊற்றியது. துடைத்து முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது.

"ஏன் அப்பா இதை முந்திச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

"கேட்டனான்! பிரச்சினையோ எண்டு கேட்டனான். நீங்கள் ரசம் வாத்தனீங்கள்!"

"ஓம். வாத்தனான்."

அவள் அழுகிறாள் என்று மூச்சில் தெரிந்தது. "நான் நாளைப் பாத்திருக்கோணும். அம்மான்ர நாளை நான் பாக்கேல்லை," என்றாள்.

"அதை விடு. இப்ப சொல்லிப்போட்டன்."

"என்னைப் போகவேண்டாம் எண்டு சொல்லுறீங்களோ?"

"இல்லையம்மா, போ. கொம்மா இருந்தாலும் உன்னைத் தள்ளித்தான் அனுப்பியிருப்பா. எனக்குக் கஷ்டம் எண்டதை உனக்குத் தெரியப்படுத்தோணும் போல இருந்தது. அவ்வளவுதான்."

மூக்கை உறிஞ்சினாள். பிறகு அமைச்சில் இருந்து கதைக்கிறவள்போல, "சரி. அப்ப ரெண்டு பேரும் இருந்து புதுசா எழுதுவம்," என்றாள்.

கிழங்கு ஒரு பக்கம் கொதிக்க, அப்பனும் மகளும் பேரம் பேசினோம். அவள் அங்கே விரதம் இருப்பாள். ஒருநேரச் சாப்பாடு, அதுவும் பின்னேரம். கூட்டத்தில் கொடுக்கிற கோப்பியைத் தொடமாட்டாள். பால் குடிக்கலாம், பழம் தின்னலாம் என்றேன். "அதை முதலே சொல்லுங்கோவன், நான் பயந்திட்டன்," என்றாள். இங்கே மத்தியானம் ஒரு மணி என்றால் அங்கே காலை ஏழு. நான் இங்கே படைக்கும்போது அவள் குளித்துவிட்டுத் தொலைபேசியில் வருவாள். ஒப்பந்தம் முடிந்தது.

கோயிலுக்குப் போய்க் கஞ்சிக்கார அம்மாவிடமும் உண்மையைச் சொன்னேன்.

"அண்ணை, இதை அண்டைக்கே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமெல்லோ? இனிப் பானை கிண்டுறதுக்கு ஆருக்குப் பின்னாலை நான் ஓடுறது?"

"நான் கிண்டுறன். எனக்கும் தாய் இல்லை."

"அப்ப ரெண்டு முறை கிண்டோணும். உங்கடையும் மகளின்ரையும்."

கிண்டினேன். வெள்ளி காலை கஞ்சிப் பானைக்கு முன்னால் நின்று, முதல் முறையை என் அம்மாவை நினைத்தும் இரண்டாம் முறையை மகளை நினைத்தும் கிண்டினேன். தோள்மூட்டு இன்னும் நோகிறது.

வீட்டுக்கு வந்து சமைத்தேன். கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, பூசணிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், ரசம். ஒரு மணிக்கு மனைவியின் படத்துக்கு முன்னால் இலை போட்டேன். தொலைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தேன். ஈரத் தலையோடு மகள் வந்தாள். நெற்றியில் திருநீறு. சின்னப் பொட்டலம் ஒன்றில் கொண்டுபோயிருக்கிறாள். பின்னால் விடுதிக் கட்டில், அதன்மேல் ஒரு குவியல் காகிதம்.

"கத்தரிக்காயை முன்னுக்கு வையுங்கோ. அம்மா அதைத்தான் முதல் தேடுவா," என்றாள்.

வைத்தேன். கற்பூரம் கொளுத்தினேன். அவள் அங்கே கைகூப்பினாள். நான் தேவாரம் படித்தேன். தொலைபேசிக்குள் அவளும் கூடப் படித்தாள், என் குரலுக்கு ஒரு சொல் பிந்தி. படித்து முடித்ததும் காகிதங்களைப் பைக்குள் அடுக்கத் தொடங்கினாள். அந்தப் பத்திரம் மூன்றாந்தரம் அனுப்பி, ஒருத்தரும் மறுக்காமல் வந்துவிட்டதாம். ஆனால் மாநாடு எப்படி முடியும் என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்றாள். போவதற்கு முன்னால் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டாள்: "அப்பா, தனியப் பிரச்சினை இல்லையோ?"

ரசம் பக்கத்தில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.

"கஷ்டமாத்தான் கிடக்கு பிள்ளை."

"எனக்கும் அப்பா," என்றாள். பிறகு போய்விட்டாள்.

முதல் பிடி சோற்றைக் காகத்துக்கென்று பல்கனியில் வைத்தேன். கறுப்பும் வெள்ளையுமான இந்த ஊர் வால்குருவி ஒன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. காகம் எதிர்க் கட்டடத்துக் கூரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தது. குருவி போனபிறகு மெதுவாக இறங்கி வந்து மிச்சத்தைத் தின்றது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்து சாப்பிட இருந்தேன். சுவாமியே, அந்தப் பிள்ளை பின்னேரம் வரைக்கும் பசி தாங்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு கத்தரிக்காயில் கை வைத்தேன்.

இதை எழுதும்போது மாநாடு இன்னும் முடியவில்லை. அவள் திரும்பி வர இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது.