கல்லில் உடம்பைத் தேய்த்த மீன்கள்

அன்று எங்கள் காட்டுப்பாக்கம் வீட்டில் நான், என் கணவர், பூந்தமல்லியில் வாட்ச் ரிப்பேர் செய்யும் கொழுந்தன் தாஸ் என மூன்று பேர் இருந்தோம். வண்ணமீன் வியாபாரியிடம் கடனுக்கு வாங்கிய இருபது தங்கமீன்களை, குஞ்சு எடுத்து விற்பதற்காக நான் இரண்டு வருடமாக வளர்த்த எட்டு தாய்மீன்கள் இருந்த தொட்டியிலேயே விட்டேன். புது மீன்கள் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. “இதுங்களுக்கு உடம்பு அரிக்குது போல” என்றேன்.

“மீனுக்குக் கூட சொறியா அண்ணி? வெளாடிகினு கீதுங்க” என்று தாஸ் சிரித்தான். கணவரும் சிரித்தார். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு என்ன தெரியும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் தாய்மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. ஒரு பக்கச் செவுள் மூடியே கிடந்தது. அப்போதுதான் செத்த ஒன்றின் செவுளை தாஸ் வாட்ச் பார்க்கும் லென்ஸில் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது.

“அண்ணி, நூல் துணுக்காட்டம் புழு நெளியுது.”

வியாபாரி புழு மருந்து கொடுத்து, “முட்டை இதுக்குச் சாவாது. ஒரு வாரம் கழிச்சு மறுபடி ஊத்தும்மா” என்றார். இரண்டு முறை ஊற்றியும் தாய்மீன்களில் இரண்டுதான் மிஞ்சின.

இப்போது எந்தப் புது மீனும் மூன்று வாரம் தனி டப்பில்தான். யார் சிரித்தாலும் தினமும் செவுளைப் பார்க்கிறேன். அந்த இருபது மீன்களுக்காக வியாபாரிக்கு இன்னும் எழுபத்தைந்து ரூபாய் தரவேண்டும்.