கருவாட்டுக் குழம்பின் மேல் விழுந்த பழி

தளவாய்புரத்தில் அந்த வீட்டு முற்றத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் டாக்டரம்மா உட்காரவில்லை. "உக்காந்து சொல்ற விஷயம் இல்லப்பா" என்று நின்றுகொண்டே இருந்தார். ராஜபாளையத்தில் சொந்தமாகச் சின்ன ஆஸ்பத்திரி வைத்திருந்தவர் அவர். நான் அங்கே டியூட்டி டாக்டர். வக்கீலைக் கேட்காமல் போகாதீர்கள் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தவன், அங்கே வாயை மூடிக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன்.

நடந்தது இதுதான். அந்த வீட்டு அம்மா காலில் சீழ்க்கட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்திருந்தார். வீட்டிலேயே மெஷின் போட்டு நைட்டி தைப்பவர், வாய் ஓயாமல் பேசுபவர். பென்சிலின் ஊசி போட்டால் தனக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகும் என்பதையும் பேச்சோடு பேச்சாக டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறார். கூட்டம் நிறைந்த நேரம். டாக்டரம்மா தலையை ஆட்டினார், பிறகு மறந்துபோய் அதே ஊசியை எழுதிவிட்டார். மத்தியானம் ஊசி போட்ட சற்று நேரத்தில் அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டியது. எங்களால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தோம், பிழைக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று வீட்டாரிடம் சொன்னோம். அதில் பொய் எதுவும் இல்லை, கடைசியில் எல்லோருக்கும் நிற்பது அதுதானே.

ஊசி போட்ட உடம்புக்குக் கருவாடு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பத்தியம். அன்று மாமியார் ஆசைப்பட்டுக் கேட்டாரென்று மருமகள் சோறும் கருவாட்டுக் குழம்பும் தூக்குவாளியில் கொண்டுவந்து ஊட்டிவிட்டிருந்தாள். போதாதா? "ஊசி போட்ட ஒடம்புக்குக் கருவாட்டக் குடுத்துக் கொன்னுபுட்டாளே" என்று உறவுக்காரப் பெண்கள் வார்டு வாசலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். மகனும் அதை நம்பி, அவளைத் தேவதானத்திலிருந்த தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டான். எங்கள் ஆஸ்பத்திரிக்கு அதைவிட வசதியான தீர்ப்பு எந்தக் கோர்ட்டிலும் கிடைத்திருக்காது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, தளவாய்புரத்திலிருந்து வேலைக்கு வரும் நர்ஸ் ஒருத்தி சொல்லித்தான் டாக்டரம்மாவுக்கு இந்த விஷயம் தெரிந்தது. "அந்தப் பிள்ளையத் தீத்துவிட்டுட்டு வேற பொண்ணு பாக்கப் போறாங்களாம்மா." காத்திருந்த நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு டாக்டரம்மா காரில் ஏறினார்.

முற்றத்தில் இறந்தவரின் மகனும் அண்ணனும் இருந்தார்கள். சுற்றிலும் பெண்கள். டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. "அந்த ஊசி ஒத்துக்காதுன்னு அம்மா எங்கிட்டச் சொன்னாங்க. நான் மறந்துட்டு அதையே போடச் சொல்லிட்டேன். கருவாட்டால ஒண்ணும் ஆகல. அவங்க செத்தது என்னாலதான். அன்னைக்கே சொல்லாம இருந்ததும் என் தப்புதான். என்னை மன்னிச்சிருங்க."

அண்ணன்காரப் பெரியவர்தான் முதலில் பேசினார். "அம்புட்டுப் பேரு முன்னால சொல்லுதிய. நாளைக்குக் கோர்ட்டுலயும் இதையே சொல்லுவியளா?"

"சொல்லுவேன்யா."

மகன் அந்த நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்து உடைத்தான். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதான். அழுது முடித்து எழுந்து, "இத அவகிட்டயும் வந்து சொல்லுங்க" என்று எங்களுக்கு முன்னால் காரில் போய் ஏறிக்கொண்டான்.

சொன்னபடி வழக்கு வந்தது, டாக்டரம்மா அங்கேயும் மாற்றிப் பேசவில்லை. நான் இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு, ஒரு மருத்துவக் கல்லூரியில் இதையே பாடமாக எடுக்கிறேன்: தவறு நடந்தால் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது, எப்படி மன்னிப்புக் கேட்பது. ஒருவரை டாக்டராகவும் இன்னொருவரை நோயாளியின் மகனாகவும் உட்காரவைத்துப் பேசச் சொல்வேன். பிள்ளைகள் நன்றாகவே பேசுகிறார்கள், சிலர் எனக்கே கண் கலங்கும்படி நடிக்கிறார்கள். போன வாரம் ஒரு மாணவன், "ஆஸ்பத்திரி விசாரணையெல்லாம் முடிஞ்ச பொறவு மொத்தமாச் சொன்னாப் போதாதா, சார்?" என்று கேட்டான். தெரிந்தவரைக்கும் அன்றைக்கே சொல்லிவிடவேண்டும், பிணத்தைத் தூக்குவதற்கு முன்னால் சொல்லிவிடவேண்டும் என்றேன். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அவர்கள் தேவதானத்துக்கு வந்ததில்லை.

அன்று நாங்கள் அங்கே போனபோது அந்தப் பெண் வாசலில் காயப்போட்ட நெல்லைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். புருஷனைக் கண்டதும் நின்றாள். டாக்டரம்மா எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி அவளிடமும் மன்னிப்புக் கேட்டார். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "வீட்டுக்கு வா" என்றான். அவள் உள்ளே போய்த் துணிப்பையை எடுத்துவந்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வந்த வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கார்க் கதவருகில் அவள் நின்றாள்.

"அவியகூடப் போறேன், அது சரி. ஆனா எங்க அத்தை மொகத்தக் கடைசியாப் பாக்க என்னைய விடலியே. தெருமுக்குலயே நிறுத்திட்டாங்களே. இத நீங்க அன்னைக்கே சொல்லியிருந்தா, நானும் கட்டிப்புடிச்சு அழுதிருப்பேன்லா டாக்டரம்மா?"