டம்ளரை யார் கழுவுவது?

அவளுக்குக் கடுகு என்று பெயர் வைத்தவன் யாரோ, ஆளைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறான். உருவம் சிறுசு, காரம் பெருசு. பகலெல்லாம் லாண்டரிக் கடையில் இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டுவாள். வேலை முடிந்ததும் நேராக, இளைஞர் நாடகக் குழு ஒத்திகை நடத்தும் மாடி அறைக்கு ஓடுவாள். நடிப்பென்றால் அவளுக்கு உயிர்.

வினை தொடங்கியதும் அங்கேதான். சேர்ந்த அன்று டீ குடிக்கச் சுத்தமான டம்ளர் ஒன்றுகூட இல்லை. தனக்கு ஒன்றைக் கழுவப் போனவள், கையோடு எல்லாவற்றையும் கழுவி வைத்தாள். மறுநாளிலிருந்து அந்த வேலை அவள் தலையில் விடிந்தது. குடித்து முடித்தவர்கள் பேச்சை நிறுத்தாமல், அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், டம்ளரைக் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். அட, 'கொஞ்சம் கழுவறியா' என்று ஒப்புக்காவது ஒருத்தர் கேட்க வேண்டாமா?

குழுவை நடத்தும் அண்ணன் புதிதாக ஒரு நகைச்சுவை நாடகம் எழுதினார். தரகன் ஒருவன் ஒரே வீட்டை நாலு குடும்பத்துக்கு வாடகைக்குப் பேசிவிடுகிறான். நாலும் மூட்டை முடிச்சோடு ஒரே நாளில் வந்து இறங்குகின்றன. மேடை முழுக்க ஆளும் அமளியும். கடுகுக்கு அந்த வீட்டு வேலைக்காரி வேஷம்.

"இது உனக்கு இயல்பாவே வரும்மா," என்றார் அண்ணன்.

சுருக்கென்று தைத்தது. சண்டை போட்டால் வேஷம் பறிபோகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நாலில் ஒரு குடும்பத்தின் தலைவனாக, ஒட்டு மீசை வைத்துக் கதாநாயகனாக நடித்தவன் இன்னும் மோசம். மீசை என்றே அவனுக்குப் பெயராகிவிட்டது. இடைவேளையிலும் மேடைக் குரலிலேயே, "ஏய், டீ எங்கடி?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். கடுகு வீட்டுக்கு வந்து அக்காவிடம் பொருமினாள்.

"அங்க கழுவறதுக்கு இங்க கழுவு. எனக்காவது ஒத்தாசையா இருக்கும்," என்றாள் அக்கா.

நாடகம் அரங்கேறிய அன்று, திரை தூக்கப் போகிற நேரம். கடுகு கண்ணாடி முன்னால் பவுடர் பூசிக்கொண்டிருந்தாள். அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"கடுகு, மேடைக்கு வேண்டிய டம்ளரெல்லாம் அழுக்கா கிடக்கு. சட்டுனு கழுவிட்டு வந்துடும்மா."

பக்கத்தில் அத்தனை பேர் பவுடர் பூசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோபம் அவளுக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கழுவவில்லை.

மேடையில் மீசை கத்தினான்: "ஏய், டீ எங்கடி?"

கடுகு வந்தாள். அழுக்கு டம்ளர்கள் நிறைந்த தட்டை அவன் மடியில் வைத்தாள். வீட்டுக்காரருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"கழுவிட்டு வாங்க, ஊத்தறேன்."

நாடகத்தில் இல்லாத வசனம். மீசை திருதிருவென்று விழித்தான். வேறு வழி தெரியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு டம்ளரைத் துடைத்தான். அவனைப் பார்த்து மற்ற குடும்பங்களும் ஆளுக்கொன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தன. அரங்கமே வயிறு குலுங்கச் சிரித்தது. கடுகு சிரிக்கவில்லை.

திரை விழுந்ததும் அண்ணன் ஓடி வந்தார். "பிரமாதம்மா. நாளைக்கும் இதையே வெச்சுக்கலாம். எப்படித் தோணுச்சு உனக்கு?"

"தோணல அண்ணா. கோபத்துல செஞ்சேன்."

"அந்தக் கோபந்தான் காமெடிக்கு உயிரே," என்று அவள் முதுகில் தட்டினார். விளங்கின மாதிரிதான். அதற்குள் டீ வந்தது. ஆளாளுக்கு அவளைப் புகழ்ந்தார்கள். புகழ்ந்துகொண்டே, குடித்த டம்ளரை அவள் காலடியில் வைத்தார்கள். கடுகு தன் டம்ளரை மட்டும் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் வந்தபோது டம்ளர்கள் வைத்த இடத்திலேயே கிடந்தன, எறும்பு மொய்த்துக்கொண்டு. அவள் அவற்றைத் தாண்டிப் போய்க் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார், டம்ளர்களைப் பார்த்தார். கடைசியில் மீசைதான் குனிந்து எல்லாவற்றையும் பொறுக்கினான். இரண்டு கையும் நிறைய வைத்துக்கொண்டு அவள் பின்னால் வந்து நின்றான்.

"கடுகு, சோப்பு எங்க இருக்கு?"

இத்தனை நாள் குடித்தவனுக்கு அது தெரியாது.

"எனக்கு யாரும் காட்டித் தரல," என்றாள் அவள், திரும்பாமலே. "தேடு."