மூட்டைக்கு வெளியே ஒரு தகரம்

பதுளை பஸாரில் இத்ரூஸைத் தெரியாதவர் இல்லை. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நாலைந்து நாள் நடையாகப் போய்த் துணி விற்பவர். முதுகில் மூட்டை, கழுத்தில் மணி கட்டிய மாடு மாதிரி ஒரு பிஸ்கட் தகரம். கடைக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கென்ன தெரியும்!

அது மருந்துத் தகரம். மனைவி நளீராதான் அடுக்குவாள். அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும் கலந்த துணிமுடிச்சு, டிங்சர் போத்தல், பஞ்சு, காய்ச்சல் குளிசை, கட்டுத்துணி நாலு சுருள். மூடியைச் சுற்றி சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டி. மழை உள்ளே இறங்காது. இரத்தம் நிற்காவிட்டால் இறுக்கிக் கட்டவும் ஆகும்.

"கழுத்துப் புண்ணாப் போகுது. மூட்டைக்குள்ள வெச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டாள். இத்ரூஸ் பட்டியை இழுத்துப் பார்த்தார்.

எழுபத்து மூன்றாம் ஆண்டுவரை அது மூட்டைக்குள்தான் இருந்தது, எல்லாத் துணிக்கும் அடியில். போணியாகுமுன் நடுவழியில் மூட்டையை அவிழ்த்தால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும் என்று துணி வியாபாரிகளுக்கு ஒரு பயம். இத்ரூஸின் வாப்பா அவிழ்த்ததில்லை, இவரும் அவிழ்த்ததில்லை.

அந்த வருஷம் ஒருநாள் காலையிலிருந்தே மழை. தேயிலைச் செடி வெட்டிக்கொண்டிருந்த சடையனுக்குக் கவ்வாத்துக் கத்தி வழுக்கித் தொடையில் இறங்கிவிட்டது. போன மாதம்தான் இவரிடம் மகளுக்குப் பாவாடைத் துணி வாங்கியவன். இரண்டு பேர் அவனைத் தாங்கிக்கொண்டு இத்ரூஸ் வந்த பாதையில் நின்றார்கள்.

"நானா, ஒங்ககிட்ட மருந்து இருக்குமே?" என்று ஒருவன் இத்ரூஸை அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

இருந்தது. ஆனால் மழை விடவில்லை, போணியும் ஆகவில்லை. இத்ரூஸ் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் காயத்தில் கட்டினார். லயம் பக்கத்தில்தானே, அங்கே போய் மருந்தை எடுக்கலாம், தூக்குங்கள் என்று சொல்லிவிட்டார்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்குக் கால் மணி நேர நடை. பாழாய்ப்போன கால் மணி நேரம்! பாதி வழியிலேயே துண்டு சிவந்து சொட்டத் தொடங்கியது. அப்போதாவது மூட்டையை இறக்கியிருக்கலாம். மனுசன் நடையைத்தான் எட்டிப்போட்டார். லயத்து வாசலில் துணிகளையெல்லாம் வாரி வெளியே போட்டுத் தகரத்தைத் திறந்தபோது சடையனுக்கு மூச்சு இல்லை.

அவன் பெண்சாதி முத்தாயி அழுது ஓய்ந்தபின், வாசலில் இறைந்து கிடந்த துணிகளைப் பார்த்தாள். ஏசவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் அவருக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"மூட்டை நெறயத் துணி இருந்திச்சே, நானா" என்றாள்.

இத்ரூஸ் வெள்ளைத் துணியில் ஐந்து முழம் கிழித்து, சடையனைப் போர்த்தக் கொடுத்தார். அன்று அந்த மூட்டையிலிருந்து முதலில் போன துணி அதுதான்.