போனைக் கீழே போடச் சொன்ன மாணவி

"அண்ணா, எந்திரிக்காதீங்க!" என்று மாணவி நந்தினி கத்தியபோது, அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்த நான் அனிச்சையாகக் கையை நீட்டிவிட்டேன். கை போய் மானிட்டரில் இடித்தது. விழப்போனவர் திருச்செங்கோட்டில் தன் வீட்டில் இருந்தார். நாங்கள் சேலத்தில், மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு சிகிச்சைத் துறையில் இருந்தோம்.

அவர் செல்வராசு, போர்வெல் போடும் ரிக் லாரியில் டிரில்லர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலமிழந்துவிட்டன. நந்தினி வாரம் ஒருமுறை வீடியோ காலில் அவருக்குப் பயிற்சி கொடுத்தாள். இந்த முறையில் மருத்துவ மாணவர்கள் உருப்படியாக எதையாவது கற்கிறார்களா, தொடரலாமா என்று பார்த்துச் சொல்வது எனக்கும் சக பேராசிரியர் ஒருவருக்கும் வேலை. நோயாளியைத் தொட்டே பழகியவன் நான். சும்மா நின்று வேடிக்கை பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அன்று போனைப் பிடித்திருந்தவர் அவர் மனைவி பாப்பாத்தி. எங்களைப் பார்த்ததும் செல்வராசுக்கு வீரம் வந்துவிட்டது.

"ஏனுங்க, நானே எந்திரிச்சு நிக்கறேன் பாருங்க!"

கட்டிலிலிருந்து எழுந்தார். வலது முழங்கால் மடங்கியது.

"அக்கா, போனைக் கீழ போடுங்க! அவரைப் பிடிங்க!"

திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை மட்டும் தெரிந்தது. கட்டில் கிரீச்சிட்டது. விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் அந்த மனிதர் மறுபடி எழுவதே கஷ்டம்.

"அக்கா? அக்கா?" என்றாள் நந்தினி.

ஒருவழியாகக் குரல் வந்தது. "உக்கார வெச்சுட்டேன் சாமி."

சக பேராசிரியர் பேனாவைத் திறந்தார். "நோயாளி கடைசி வரைக்கும் கேமராவுல தெரியணும்னு விதி இருக்கு சார். முக்கியமான நேரத்துல நாம கூரையத்தான் பாத்தோம். எதைப் பாத்து இந்தப் பொண்ணுக்குப் பாஸ் போடறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கேள்வியில் நியாயமும் இருந்தது. அந்த அம்மா சமாளித்தது அதிர்ஷ்டமா, நந்தினி சொல்லிக்கொடுத்ததா?

போனை ஜன்னலில் சாய்த்து வைக்கச் சொல்லி நானே கேட்டேன். "எப்படிம்மா பிடிச்சீங்க?"

பாப்பாத்தி கணவரின் வலது பக்கம் போய், தன் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, இடுப்பை வளைத்துப் பிடித்துக் காட்டினார். என் வார்டில் பழகியவர்கள் பிடிப்பது போலவே இருந்தது.

"யார் சொல்லிக் குடுத்தது?"

"இந்தப் புள்ளதானுங்க. மொத நாளு அவரத் தொடவே உடுலீங்க. பக்கத்தூட்டு அக்காள வரச் சொல்லி, உழுவற மாதிரி நடிக்க வெச்சு, என்னையப் புடிச்சுப் பழகச் சொல்லுச்சு. இவரு உக்காந்து சிரிச்சாருங்க."

"இப்பச் சிரிக்கலீங்க," என்றார் செல்வராசு, தலையைக் குனிந்தபடி.

சக பேராசிரியரே நந்தினிக்குப் பாஸ் போட்டார். நான் மதிப்பீட்டுத் தாளில் இருந்த அந்தக் கேமரா விதியை அடித்துவிட்டு, இந்த முறையைத் தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தேன்.

இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். தூரத்திலிருந்து வைத்தியம் பார்க்கப் போகிறீர்களா? போனைப் பிடித்திருப்பவர் யார் என்று கேளுங்கள். அவரை முதலில் பழக்குங்கள். நோயாளி விழும்போது பிடிக்கப் போவது அவர்தான்.